எழுந்திருக்க ஒரு கிடா

எனக்கு எழுத வராது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அஞ்சாவது வரைக்கும் படித்தேன், அதற்கப்புறம் களை எடுக்கப் போய்விட்டேன். மறதியும் ஜாஸ்தி. ஒரு வரி எழுதிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போனால், திரும்பி வரும்போது அந்த வரியை எழுதியது யார் என்று எனக்கே சந்தேகமாக இருக்கிறது. படிக்கிறவர்கள் கோபித்துக்கொள்ளாமல் கொஞ்சம் பொறுத்துக்கொள்ள வேண்டும். நாலு பேர் எதிரில் பேசச் சொன்னால் முந்தானையை வாயில் வைத்துக்கொள்கிற ஆள் நான். எழுதுவது பரவாயில்லை. யாரும் என் முகத்தைப் பார்க்க முடியாது.

விஷயம் இதுதான். எனக்குத் தரையில் உட்கார வரும், எழுந்திருக்க வராது.

இது ஒரே நாளில் வந்த கேடு இல்லை. முதலில் பஸ் படிக்கட்டு உயர்ந்தது. அப்படித்தான் நான் நினைத்தேன். புது பஸ் விட்டிருக்கிறார்கள், படியை உயரமாக வைத்துவிட்டார்கள் என்று. பார்த்தால் அதே பழைய பஸ்தான், மழைக்கு ஒழுகுகிற அதே பஸ். சங்கராபுரம் போக நான் ஒரு காலைத் தூக்கிப் படியில் வைத்துவிட்டு, மற்ற காலைத் தூக்க மறந்தவள் மாதிரி நிற்பேன். பெண்களுக்கு டிக்கெட் இல்லாத பஸ். கண்டக்டர் கத்துவார்.

"ஏறும்மா! பஸ்ஸுதான் சும்மா, என் நேரம் சும்மா இல்ல!"

பின்னால் நிற்கிற யாராவது ஒரு பொம்பளை என் பின்பக்கத்தில் தோளைக் கொடுத்து, நெல் மூட்டை ஏற்றுகிற மாதிரி ஒரே தள்ளாகத் தள்ளிவிடுவாள். அது யார் என்று சங்கராபுரம் வரைக்கும் நான் திரும்பிப் பார்க்கமாட்டேன். அவ்வளவு வெட்கம்.

அதற்கப்புறம் எலவனாசூர்கோட்டையில் ஒரு சாவு. வீட்டுக்காரர் வழியில் தூரத்துச் சொந்தம். செத்துப்போனவரை ஒரே ஒரு கல்யாணத்தில் பார்த்திருக்கிறேன், அதுவும் முதுகுப் பக்கமாக. பெண்களோடு பாயில் உட்கார்ந்து, தோளைக் கட்டிக்கொண்டு அழுதேன். ஆளாளுக்கு எழுந்து போனார்கள். என்னால் எழுந்திருக்க முடியவில்லை. கை கொடுங்கள் என்று கேட்க வாய் வரவில்லை. பிணத்தை எடுத்துக்கொண்டு போனார்கள், வாசலைக் கழுவினார்கள், நான் அங்கேயே தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தேன். அந்த வீட்டு அம்மா என்னைப் பார்த்துவிட்டு, "எங்களுக்கே இல்லாத துக்கம் இந்தக்காவுக்கு, பாருங்கடி, எப்படி ஒடைஞ்சி போய் குந்திக்கினு இருக்காங்க" என்று மறுபடி அழ ஆரம்பித்தாள். அவள் அழ, அடங்கியிருந்த மற்றவர்களும் அழ, நானும் அழுதேன். என் அழுகை முழங்காலுக்கான அழுகை. கடைசியில் பந்தல்காரர் பாயைச் சுருட்ட வந்தபோதுதான் என்னையும் சேர்த்துத் தூக்கினார். இன்றைக்கும் அந்த ஊரில் என்னைப்போல் பாசமான சொந்தம் கிடையாது என்று பேச்சு.

இதுவரைக்கும் யாருக்கும் விஷயம் தெரியாது. தெரிந்தது மொச்சை உரித்த அன்றைக்கு.

நான் தனியாகத்தான் இருக்கிறேன். வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்து பல வருஷமாயிற்று. ஒரே மகன், திருப்பூரில் பனியன் கம்பெனி வேலை. பக்கத்து வீட்டில் என் ஓரகத்தி, அதாவது கொழுந்தனார் பெண்சாதி. எனக்கென்று வைத்திருந்த குரலையும் சேர்த்துக் கடவுள் அவளுக்கே கொடுத்துவிட்டார். அன்றைக்கு வீட்டுக்குப் பின்னால் உட்கார்ந்து மொச்சை உரித்தேன். உரித்து முடிந்தது. எழுந்திருக்க முடியவில்லை. கூப்பிட வெட்கம். சும்மா உட்கார்ந்திருந்தால் யாராவது கேட்பார்களே என்று, உரித்த தோலையே எடுத்து மறுபடி உரித்துக்கொண்டிருந்தேன். வேலிப் பக்கம் வந்த ஓரகத்தி பார்த்துவிட்டாள்.

"இன்னாக்கா, தோலுக்குத் தோலு உரிக்கிற?"

"சும்மாதான்."

"எழுந்திரு பாப்போம்."

"அப்புறம் எழுந்துக்கிறேன், நீ போ."

அவள் போகவில்லை. என்னைத் தூக்கி நிறுத்திவிட்டு, என் மகனுக்குப் போன் போட்டாள். அவள் பேசியதற்குப் போனே தேவையில்லை, திருப்பூருக்கு நேராகவே கேட்டிருக்கும். "டேய், உங்கம்மாவுக்கு ரெண்டு காலும் போச்சுடா!"

மகன் பதறிக்கொண்டு மறுநாளே வந்தான். இரண்டு காலும் உடம்போடுதான் இருக்கிறது என்று பார்த்துவிட்டு, அதற்கப்புறம் கோபப்பட்டான்.

"தனியா வுழுந்து கெடந்தா யாருக்கும்மா தெரியும்? என் கூட வந்துடு."

எனக்கு மகன் மேல் பாசம் இல்லாமல் இல்லை. ஆனால் அவன் வீடு மூன்றாவது மாடி. ஒரு முறை போயிருக்கிறேன். படி குறுகல், பிடித்துக்கொள்ளக் கம்பி கிடையாது. ஏறியது எப்படியோ ஏறிவிட்டேன். இறங்குவதற்கு ஒவ்வொரு படியாக உட்கார்ந்தபடியே நகர்ந்து வந்தேன். ஷிப்ட் முடிந்து வந்த பெண்பிள்ளைகள் சுவரோரம் ஒதுங்கி நின்று எனக்கு வழி விட்டார்கள், சாமி ஊர்வலத்துக்கு விடுகிற மாதிரி. அதோடு கீழே இறங்குவதையே விட்டுவிட்டேன். ஜன்னலில் பக்கத்து மாடித் தண்ணீர்த் தொட்டி தெரியும், அதைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். இங்கே என்றால் என் கதவை நானே திறப்பேன், நானே சாத்துவேன். குழம்பில் உப்பு கம்மி என்றால் நானே போட்டுக்கொள்வேன். அவ்வளவுதான் என் ஆசை. அதை மகனிடம் சொல்லத் தெரியவில்லை. "நான் வரல" என்று மட்டும் சொன்னேன்.

அவன் யோசித்துவிட்டு ஒரு பேச்சுப் பேசினான்.

"ஆடியில மலைக்குப் போறோம் இல்ல, கொயந்தைக்குக் காது குத்த? அங்க தரையில உக்காந்து, யாரும் கை குடுக்காம நீயா எழுந்து காட்டு. எழுந்துட்டன்னா இங்கயே இரு, நான் வாயே தொறக்கமாட்டேன். எழலன்னா வேன் அப்படியே திருப்பூருக்குத்தான். அங்க செவுரும் கெடையாது, தூணும் கெடையாது. ஏமாத்த முடியாது."

சரி என்று தலையாட்டிவிட்டேன். தலையாட்டுவதற்கு முழங்கால் வேண்டாமே.

இப்போது கிடாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். பேரன் காய்ச்சலில் கிடந்தபோது மருமகள் மலைமேல் இருக்கிற எங்கள் குலசாமிக்குக் கிடா நேர்ந்துகொண்டாள். மூன்றாவது மாடியில் கிடா வளர்க்க முடியுமா? அதனால் குட்டியாக வாங்கி என்னிடம் விட்டிருந்தார்கள். கறுப்புக் கிடா. மகன் சவால் விட்டுப் போனபோது அது நல்ல வாட்டசாட்டமாக, கையில் பிடிக்கத் தோதாகக் கொம்பு வளர்ந்து நின்றது. வீச்சம்தான் தாங்காது.

ஒரு நாள் அதற்கு அகத்திக் கொத்தைக் கட்டிவிட உட்கார்ந்துவிட்டேன். உட்கார்ந்த பிறகுதான் ஞாபகம் வந்தது, நான் எழுந்திருக்க முடியாத ஆள் என்று. சுற்றும் முற்றும் பார்த்தேன். கிடாவின் கொம்புதான் எட்டியது. பிடித்தேன். அது பயந்து பின்னால் இழுத்தது. நான் நின்றுகொண்டிருந்தேன்! அதற்கும் ஆச்சரியம், எனக்கும் ஆச்சரியம். ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டோம்.

அன்றையிலிருந்து இது வழக்கமாகிவிட்டது. பின்னால் இழுத்தால் நான் முன்னால் குப்புற விழ வேண்டியதுதான், அதனால் அசையாமல் நிற்கப் பழக்கினேன். இரண்டு கொம்பையும் பிடித்து "இரு, இரு" என்பேன். அது நாலு காலையும் அகட்டி ஊன்றிக்கொண்டு கல் மாதிரி நிற்கும். நான் எழுந்ததும் இடுப்பு முடிச்சிலிருந்து பொட்டுக்கடலை. உடம்பை அசைத்தால் கடலை கிடையாது. கெட்டிக்காரக் கிடா. சீக்கிரமே பிடித்துக்கொண்டது. பிறகு நான் கூப்பிடவே வேண்டாம், தரையில் உட்கார்ந்தால் போதும், எங்கிருந்தாலும் வந்து எதிரில் நின்று தலையைக் குனியும். என்னை என்று இல்லை, யார் உட்கார்ந்தாலும் வரும். ஓரகத்தி ஒரு நாள் பேச வந்து உட்கார்ந்தாள்.

"யக்கா, இந்தக் கிடா இன்னாத்துக்கு என் மூஞ்சிக்கு நேரா வந்து நிக்குது?"

"அதுக்கு உன்ன புடிச்சிருக்குது போல."

"ஐய, நாத்தம் புடிச்சதே, போ அந்தாண்ட!"

போகவில்லை. அவள் எழுந்து போகிற வரைக்கும் மரியாதையாக நின்றது.

ஆடி நெருங்க நெருங்கத்தான் எனக்கு உறைத்தது. நான் எழுந்து காட்ட வேண்டியது மலையில். கிடாவை வெட்டுவதும் அதே மலையில். முதலில் வெட்டு, அதற்கப்புறம்தான் எல்லாரும் தரையில் உட்கார்ந்து சாப்பாடு. நான் எழுந்திருக்க வேண்டிய நேரத்துக்கு என் கிடா அண்டாவில் இருக்கும்.

இதை யாரிடம் சொல்வது? பேரனுக்காக நேர்ந்தது, வெட்டாதீர்கள் என்று கேட்க முடியுமா? கேட்கவில்லை. தனியாக எழுந்து பார்த்தேன். பாதி வரைக்கும் வருவேன், தொடை நடுங்கும், மறுபடி தொப்பென்று உட்கார்ந்துவிடுவேன். கிடா பக்கத்தில் வந்து நிற்கும். "நீ இல்லாம எழுந்துக்கத்தான்டா பாக்கிறேன்" என்று சொல்லிவிட்டு, அதன் கொம்பைப் பிடித்துத்தான் எழுந்திருப்பேன்.

அந்த நாள் வந்தது. வேனில் சொந்தக்காரர்கள், பாத்திரம், அரிசி, கடைசி சீட்டுக்குக் கீழே கிடா. என் துணிப்பையையும் மகன் ஏற்றிவிட்டான், திருப்பூருக்கு. கச்சிராயபாளையம் தாண்டி, அணையைத் தாண்டி, மலை ஏறும்போது ஒவ்வொரு வளைவிலும் ஓரகத்தி என் மேல் சாய்ந்தாள். மருமகளின் அப்பா, என் சம்பந்தி, காலையிலிருந்து ஒரு வாய் தண்ணீரைத் தவிர ஒன்றும் சாப்பிடவில்லை. பக்தி என்று நினைத்தேன். "கறிக்கு எடம் வேணுமில்ல?" என்று வயிற்றைத் தட்டிக் காட்டினார்.

கோயில் என்றால் மரத்தடியில் நாலு கல்லும் சூலமும்தான். மகன் சொன்னது சரி, சுவர் கிடையாது, தூண் கிடையாது. பேரனுக்கு மொட்டை போட்டுக் காது குத்தினார்கள். மருமகள் தார்ப்பாய் விரித்து, "உக்காருங்க அத்தே, கால் வலிக்கும்" என்றாள். உட்கார்ந்துவிட்டேன். உட்கார்வதில் எனக்கு எந்தக் குறையும் இல்லை.

எங்கள் பக்கம் ஒரு வழக்கம். கிடாவுக்கு மாலை போட்டு மஞ்சள் தண்ணீர் ஊற்றுவார்கள். அது உடம்பை உதறிச் சிலிர்த்துக்கொண்டால் சாமி ஏற்றுக்கொண்டது என்று அர்த்தம். அதைத் துலுக்குவது என்போம். துலுக்காத கிடா மேல் கத்தியை வைக்கக்கூடாது. தண்ணீர் பட்டால் எந்த ஆடும் உதறத்தான் செய்யும், அதனால் இதில் யாருக்கும் பெரிய சந்தேகம் வருவதில்லை. சம்பந்தி அப்போதே இலையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

பூசாரி மலைக்காரர், வயதானவர், சாந்தமான ஆள். கிடா மிரளாமல் இருக்கட்டும் என்று அதன் இரண்டு கொம்பையும் பிடித்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார்.

"இரு சாமி. இரு, இரு."

நான் இடுப்பு முடிச்சைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

கிடா நாலு காலையும் அகட்டி ஊன்றியது. தண்ணீரை ஊற்றினார்கள். அசையவில்லை. மறுபடி ஊற்றினார்கள். மூக்கு நுனியிலிருந்து மஞ்சள் தண்ணீர் சொட்டுகிறது, காதில் வழிகிறது, கிடா கோயில் சிலை மாதிரி நிற்கிறது. அதைப் பொறுத்தவரை யாரோ ஒரு வயசானவர் எழுந்திருக்கப் போகிறார்.

"துலுக்குடா!" என்றாள் ஓரகத்தி.

"துலுக்கு சாமி!" என்று எல்லாரும் சேர்ந்துகொண்டார்கள்.

"காதுக்குள்ள கொஞ்சம் ஊத்துப்பா" என்றார் சம்பந்தி.

"அது தப்புங்க. சாமிய ஏமாத்தக் கூடாது" என்றார் பூசாரி. கொம்பை விடவில்லை. "இரு, இரு" என்பதையும் விடவில்லை.

நான் கண்ணை மூடிக்கொண்டேன். சாமி, பேரன் நன்றாக இருக்க வேண்டும். அதற்கு மேல் என்ன வேண்டுவது என்று தெரியவில்லை. துலுக்கட்டும் என்று கேட்டால் எனக்கு நஷ்டம், துலுக்க வேண்டாம் என்று கேட்டால் சாமிக்கு நஷ்டம். ஒன்றும் கேட்காமல் சும்மா கும்பிட்டேன்.

கடைசியில் பூசாரி பெருமூச்சு விட்டார். "சாமி வாங்கிக்கல. உங்கள்ல யாரோ மனசுல கொறைய வெச்சிக்கினு வந்திருக்கீங்க."

எல்லாரும் எல்லாரையும் பார்த்தார்கள். பூசாரி கொம்பை விட்டார். கிடா நிமிர்ந்தது. அது தன் வேலையைச் சரியாகச் செய்துவிட்டது, அதற்குக் கடலை வர வேண்டும். பூசாரியின் கையை முகர்ந்தது, ஒன்றும் இல்லை. சுற்றிப் பார்த்தது. தார்ப்பாயில் நான் உட்கார்ந்திருப்பதைக் கண்டது. மாலையோடு, மஞ்சள் தண்ணீர் சொட்டச் சொட்ட, போட்டிருந்த இலைகளை மிதித்துக்கொண்டு நேராக என்னிடம் வந்தது. எதிரில் நின்று தலையைக் குனிந்தது.

நான் யோசிக்கவே இல்லை. கை தானாகப் போனது. கொம்பைப் பிடித்தேன். "இரு" என்றேன். எழுந்தேன். இடுப்பு முடிச்சை அவிழ்த்துக் கடலையும் கொடுத்தேன்.

அதற்கப்புறம்தான் பார்த்தேன், மொத்தக் கூட்டமும் என்னையே பார்க்கிறது. முந்தானை தானாக வாய்க்குப் போனது.

ஓரகத்தி ஓவென்று கத்தி, கிடாவின் காலில் விழுந்தாள். "சாமியே வந்து எங்கக்காவ எழுப்பிச்சு!" இன்னும் இரண்டு பெண்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். மகன் மட்டும் இடுப்பில் கை வைத்து நின்றான்.

"எம்மா. இது எவ்ளோ நாளா நடக்குது?"

"கொஞ்ச நாளாத்தான்."

"நீயா எழுந்துக்கணும்னு சொன்னேன்ல?"

"யாரும் கை குடுக்கக் கூடாதுன்ன. யாரும் குடுக்கல."

"கிடா?"

"அது கொம்புதானே குடுத்துது."

அவ்வளவு பேர் எதிரில் நான் அவ்வளவு பேசியது அதுதான் முதல் தடவை. பூசாரி சிரித்துவிட்டார். மருமகள் சிரித்தாள். மகன் சிரிக்கக்கூடாது என்று பார்த்தான், முடியவில்லை.

"ஆயா பொழைச்சுப்பாங்க, வுடு தம்பி" என்றார் பூசாரி. "கிடாவ ஓட்டிக்கினு போங்க. அடுத்த ஆடியில பாப்போம். இப்போதைக்கு ஒரு சேவல் வாங்கியாங்க." கோயிலுக்குப் பக்கத்தில் ஒரு வீட்டில் சேவல் வாங்கினார்கள். தண்ணீர்ச் செம்பைக் கண்டதுமே அது அப்படித் துலுக்கியது. ஒரு சேவலில் அத்தனை பேருக்கும் என்ன வரும்? சம்பந்தி இலையில் ஒரு கழுத்துத் துண்டும் நிறைய சோறும் விழுந்தது. அவர் இன்றைக்கும் என்னோடு சரியாகப் பேசுவதில்லை.

வேன் திருப்பூர் போகும் வழியில் என்னையும் கிடாவையும் என் துணிப்பையையும் எங்கள் ஊரில் இறக்கிவிட்டுப் போனது. இறங்கும்போது மகன் சொன்னான், "கிடா எவ்ளோ நாளுக்கு இருக்கும்? அதுக்குள்ள காலுக்கு ஒரு வழி பண்ணு." அவனே விசாரித்து, வயசானவர்கள் வீட்டுக்கு வந்து கால் கை பயிற்சி சொல்லித்தருகிற பெண் ஒருத்தியை வரச் சொன்னான். சின்னப் பெண், ஸ்கூட்டரில் வருவாள். என் தொடையை அமுக்கிப் பார்த்தாள்.

"வயசானா சதை கரையும்மா, எல்லாருக்கும்தான். வேலை குடுத்தா கொஞ்சம் திரும்பி வரும். முடியலன்னு உக்காந்தே இருந்தா இன்னும் ஜாஸ்தி கரையும். இது இன்னா, ஆடு ஏன் என் எதுருல நிக்குது?"

அவள் தரையில் உட்கார்ந்திருந்தாள், அதனால் வந்துவிட்டது. விஷயத்தைச் சொன்னேன். அவள் சிரித்துச் சிரித்து, எழுந்திருக்கக் கொம்பையே பிடிக்க வேண்டியதாயிற்று. பிறகு சொன்னாள், "நல்லதாப் போச்சு. ஆனா தொங்காதீங்க. கொம்புல கை சும்மா இருக்கட்டும், பாரம் தொடையில இருக்கட்டும். நாற்காலியில உக்காந்து உக்காந்து எழுங்க. முட்டை தின்னுங்க, பயறு தின்னுங்க. பொட்டுக்கடலைய ஆட்டுக்கே குடுக்காதீங்க, நீங்களும் தின்னுங்க."

அதிலிருந்து எழுந்தால் அதற்கு ஒரு பிடி, எனக்கு ஒரு பிடி. முதலில் இரண்டு கையால் பிடித்தேன். பிறகு ஒரு கை. பிறகு ஒரு விரல். நாற்காலியில் உட்கார்ந்தால் கிடாவுக்குக் குழப்பம், குனிவதா வேண்டாமா என்று தெரியாமல் பாதி குனிந்து நிற்கும்.

ஓரகத்தி ஒரு நாள் சாயங்காலம் வந்தாள். குரலை அவள் தணித்துப் பேசி நான் அதுவரை கேட்டதில்லை.

"யக்கா. கிடாவக் கொஞ்சம் எங்க வூட்டுக்கு அனுப்பேன்."

"இன்னாத்துக்கு?"

"சும்மாதான்."

"மொச்சை உரிச்சிக்கினு இருந்தியா?"

"பூண்டு" என்றாள். அவளைத் தூக்கிவிட்டது அவள் வீட்டுக்காரராம். தூக்கும்போது அவருக்கு இடுப்பு பிடித்துக்கொண்டதாம். இப்போது காலையில் என் வீடு, சாயங்காலம் அவள் வீடு என்று கிடாவுக்கு இரண்டு இடத்தில் டியூட்டி. நாத்தம் பிடித்தது என்று அவள் இப்போது சொல்வதில்லை.

போன வாரம் அடுப்படியில் உட்கார்ந்து கீரை ஆய்ந்தேன். எழுந்து போய்க் கதவைத் திறந்தேன். வெளியே கிடா கட்டுத்தறியில் நின்றுகொண்டு என்னையே பார்க்கிறது. அப்போதுதான் புரிந்தது, நான் எதையும் பிடிக்காமல் எழுந்து வந்திருக்கிறேன். அதற்குக் கோபம். கடலை நீட்டினேன், முகத்தைத் திருப்பிக்கொண்டது. மகனுக்குப் போன் போட்டுச் சொன்னேன். "நெசமாவா? கிடா இல்லாமயா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தான். "அப்ப இங்கயே இரு போ" என்றான்.

ஆடி மறுபடி வருகிறது. கிடாவை மலைக்குக் கூட்டிக்கொண்டு போக வேண்டும். எழுந்திருக்க எனக்கு இனிமேல் அதன் கொம்பு வேண்டாம். ஆனாலும் தினமும் காலையில் உட்கார்ந்து, ஒரு விரலைக் கொம்பில் வைத்து, "இரு, இரு" என்று சொல்லிவிட்டுத்தான் எழுந்திருக்கிறேன். இந்த வாரம் அதன் தலையில் ஒரு செம்பு தண்ணீரும் ஊற்றினேன். வெயில் காலம், குளிப்பாட்ட வேண்டாமா? கல் மாதிரி நின்றது. இரண்டு பிடியாகக் கொடுத்தேன்.

இதில் நான் ஏதாவது மாற்றிச் சொல்லியிருந்தால் யாராவது விசாரித்துத் திருத்திவிட வேண்டும். தண்ணீரை எத்தனை முறை ஊற்றினார்கள் என்பது எனக்கு நிச்சயமில்லை. ஓரகத்தியைக் கேட்காதீர்கள், அவள் குடம் குடமாகச் சொல்வாள். சம்பந்தியையும் கேட்காதீர்கள், அவருக்கு வருத்தம் தீரவில்லை. மலைப் பக்கம் போகிறவர்கள் யாராவது அந்தப் பூசாரியைக் கேட்டால் சரியாகச் சொல்வார். கேட்கிறபோது அப்படியே இன்னொன்றும் கேட்டுச் சொல்லுங்கள்: அடுத்த ஆடியிலும் கிடா துலுக்காவிட்டால் அதற்கடுத்த ஆடிதானா, இல்லை அதோடு விட்டுவிடுவார்களா?